உன் இரண்டு வருடங்களை எடுத்துக்கொண்ட சட்டப் பட்டம்

நிரூபன்,

நீ தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில் ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் எடுப்பாய். அப்படியே வாசி, அவசரமில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் நான் ஒளிந்துகொள்வேன். நாலு வருடம் சட்ட ஆங்கிலம் படித்ததில் எனக்குக் கைவந்த ஒரே திறமை, ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டதுபோல் காட்டிக்கொண்டு அதைச் சொல்லாமல் விடுவதுதான். தமிழில் எனக்கு அது வராது.

பழுது என்ன என்பதை முதலில் சொல்லிவிட்டு, அது எப்படி வந்தது என்பதைப் பிறகு விளக்குவதுதான் வெப்பமூட்டி பூட்டுகிற என் தொழிலில் வழக்கம். பழுது இதுதான். சட்டத்தரணியாவதற்கு நான் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து பாடச் சோதனையை எழுத எனக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டுச் சட்டப் பட்டங்களை மதிப்பிடுகிறவர்கள், என் பட்டத்தை மதிப்பீட்டுக்கே எடுக்க முடியாது என்று சென்ற ஒக்டோபரில் எழுதிவிட்டார்கள். அந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. அப்பாவின் சோதனை முடியட்டும், இன்னும் ஒரு வருடம் வேலை செய்கிறேன் என்று சொல்லி, காட்டியல் படிக்க உனக்குக் கிடைத்த இடத்தை மூன்றாம் தரமாக விடப் போகிறாய். விடாதே. பதில் சொல்ல உனக்கு இன்னும் பதினொரு நாட்கள் இருக்கின்றன. கடிதம் இவ்வளவுதான். வேலைக்கு நேரமாகிறதென்றால் இதோடு நிறுத்திவிட்டுப் போய் இடத்தை ஏற்றுக்கொள். மிச்சத்தைப் பிறகு வாசி. வாசிக்காமல் விட்டாலும் சரி.

இதை உனக்கு மட்டும் எழுதிக் கையில் தந்திருக்கலாம். ஆனால் பொய்யை நான் வீட்டுக்குள் மட்டும் சொல்லவில்லை. சென்ற கோடையில் உன் மாமா, பலசரக்குக் கடை வாசலில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் இலவசப் பத்திரிகையில் அரைப் பக்க வாழ்த்துப் போட்டார். எங்கள் குடும்பத்தின் முதல் சட்டத்தரணி என்று கொட்டை எழுத்தில், கறுப்பு அங்கியோடு என் படம். அங்கி ஸ்ரூடியோக்காரருடையது. பட்டமளிப்பு விழா கொம்பியூட்டர் திரையில்தான் நடந்தது, அதற்கு நான் வேலைக்குப் போடும் சேர்ட்டோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரூடியோக்காரர் அங்கி பெரிதாக இருக்கிறதென்று முதுகில் மூன்று கிளிப்புகள் குத்தி இறுக்கினார். அடுத்த படத்தில் நீயும் நிற்கிறாய், வெயார்ஹவுசில் இருந்து நேரே வந்தபடியால் காலில் இரும்பு முனைச் சப்பாத்து. அந்தப் படத்தை எடுக்கும்போதே எனக்குத் தெரியும், நான் சட்டத்தரணி ஆகப்போவதில்லை என்று. சிரி என்றார் அவர். சிரித்தேன். அதனால்தான் இந்தக் கடிதத்தின் பிரதியை அதே பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். உன் கைக்கு முதலில் வரும், வியாழக்கிழமை கடை வாசலுக்கு வரும். உனக்கு வெட்கமாக இருக்கும். அதற்கும் நான்தான் காரணம்.

எப்படித் தொடங்கியது என்று உனக்கு ஓரளவு தெரியும், நீ அன்றைக்கு என்னோடு இருந்தாய். உனக்குப் பதினைந்து வயது. நான் பூட்டிக் கொடுத்த ஒரு வெப்பமூட்டியில் இருந்து தண்ணீர் கசிந்து, நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ற் பழுதாகிவிட்டதென்று ஒரு வீட்டுக்காரர் சிறு வழக்குகளுக்கான கோர்ட்டுக்குப் போனார். பிழை என்னுடையதல்ல. எனக்குப் பிறகு வந்த வேறொருவன் வடிகால் குழாயை மாற்றியிருந்தான். அதற்குப் படங்கள் கூட என்னிடம் இருந்தன. ஆனால் அவருக்காகப் பேச வந்த ஆள் என்னிடம், குழாயில் நீங்கள் கை வைத்தீர்களா இல்லையா என்று மட்டும் கேட்டான். நான் ஓம், வைத்தேன் என்று சொல்லிவிட்டு விளக்கத் தொடங்கினேன். நன்றி, அது போதும் என்றான். எனக்குக் கோபம் வந்தது. கேள்வி கேட்கத் தெரியாதவன் என்று கோர்ட்டிலேயே சொன்னேன். அதற்குப் பிறகு என் படங்களைப் பார்க்க எவருக்கும் மனமிருக்கவில்லை. திரும்பி ஸ்காபரோ வீட்டுக்கு வரும்போது என் வேலை வான் வண்டியில் வழி முழுக்க நான்தான் கத்திக்கொண்டு வந்தேன். அவன் என்னை விடக் கெட்டிக்காரன் இல்லை, எனக்குத் தெரிந்ததில் கால்வாசி அவனுக்குத் தெரியாது என்றேன். நீ போனில் இருந்து தலையை எடுக்காமல், "அப்ப நீங்களே லோயர் ஆகுங்கோவன்" என்றாய். பகிடியாகத்தான் சொன்னாய். நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

அடுத்த கிழமை ஒரு வீட்டின் பேஸ்மென்றில் பாகம் ஒன்று வந்து சேரும் வரை காத்திருந்தபோது அந்தப் பள்ளியைப் போனில் கண்டுபிடித்தேன். தனியார் சட்டப் பள்ளி, கடல் தாண்டி எங்கோ ஒரு கட்டடத்தின் படம், எல்லாமே ஒன்லைனில், வேலையை விடத் தேவையில்லை, நுழைவுச் சோதனை இல்லை. பெயரைக் கொடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஒருவர் அழைத்தார். என் வாழ்க்கையில் என்னை மரியாதையாக 'சேர்' என்று கூப்பிட்ட முதல் பள்ளிக்கூடம் அது. இரண்டு நாளில் மாணவனாகிவிட்டேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து. உன்னைப் பெற்றபோது எனக்கு இருபதுதான் ஆகியிருந்தது. நீ பிறந்த கிழமைதான் கொலிஜில் வெப்பமூட்டிப் படிப்பின் கடைசிச் சோதனை எழுதினேன். மற்றவர்கள் இருபதுகளில் செய்ததை எல்லாம் நான் தவறவிட்டேன் என்ற எண்ணம் எப்போதும் இருந்தது. அதை உன் மேல் ஒருபோதும் காட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காட்டியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் பொய்யில்லாமல் சொல்கிறேன், எனக்குப் படிப்புப் பிடித்தது. ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையில் வானை எங்காவது ஓரமாக நிறுத்திவிட்டு விரிவுரைகளைக் கேட்பேன். வெப்பமூட்டியில் சிவப்பு லைற் மூன்று தரம் மினுங்கினால் ஒரு காரணம், நாலு தரம் மினுங்கினால் இன்னொரு காரணம். ஒப்பந்தச் சட்டத்தையும் அப்படித்தான் படித்தேன். வாக்குறுதி இருக்கிறதா, ஏற்பு இருக்கிறதா, எங்கே அறுந்திருக்கிறது. நல்ல புள்ளிகள் வந்தன. நான் ஒருநாளும் முகம் பார்க்காத ஓர் ஆசிரியர், என் கட்டுரை ஒன்றின் கீழே, அவசரக்காரர் போல வாதிடுகிறீர்கள் என்று எழுதியிருந்தார். அதை உனக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், பாராட்டு என்று நினைத்து.

எந்தக் கருவியோடும் ஒரு கையேடு வரும். முதல் பக்கங்களில் எச்சரிக்கைகள் இருக்கும். என் தொழிலில் இருக்கிற எவனும் அவற்றை வாசிப்பதில்லை. நேரே கடைசியில் இருக்கும் பழுது அட்டவணைக்குப் போவோம், தேவையான வரியை எடுப்போம், பூட்டுவோம், அடுத்த வீட்டுக்கு ஓடுவோம். அந்தப் பள்ளியும் சேர்ந்த அன்றே ஒரு மாணவர் கையேடு அனுப்பியது. அதிலும் நான் பாடத்திட்டத்தையும் சோதனைத் திகதிகளையும் மட்டும் எடுத்தேன். இரண்டாம் வருட முடிவில், ஒரு பாடத்தைத் தள்ளிப்போடலாமா என்று பார்க்கத்தான் முதல் தடவையாக அதைத் தொடக்கத்தில் இருந்து புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. இந்தப் பட்டம் எந்த நாட்டிலும் சட்டத்தொழில் செய்வதற்கான தகுதியைத் தருவதில்லை, தாம் வாழும் இடத்தின் விதிகளை மாணவர்கள் சேர முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். சிறிய எழுத்தில்கூட இல்லை. பள்ளி என்னை ஏமாற்றியது என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்ல முடியாது. அவர்கள் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

அன்றே மதிப்பீட்டுக்காரர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் பேசினாள். ஏதாவது ஒரு பாடமாவது வகுப்பறையில் நடந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒன்றுகூட இல்லையா என்று திரும்பக் கேட்டாள். அந்தப் பட்டத்தை வைத்து அந்த நாட்டிலேயே தொழில் செய்ய முடியாதென்றால் இங்கே எதையும் தொடங்க வழியில்லை, இங்கே ஒரு சட்டப் பள்ளியில் முதலாம் வருடத்தில் இருந்து சேர வேண்டியிருக்கும் என்றாள். பிறகு குரலைத் தணித்து, உங்களை வருத்தப்படுத்த நான் விரும்பவில்லை, ஆனால் இப்போதே நிறுத்தினால் உங்களுக்கு நல்லது என்றாள். முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்காக வைத்த கரிசனை அது. நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். அடுத்த நாள் மூன்றாம் வருடத்துக்குப் பதிந்தேன்.

ஏன் என்று நீ கேட்பாய். அதை எனக்கு நானே பல தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். விதிகள் மாறும் என்று ஒரு கதை சொல்லிக்கொண்டேன். புள்ளிகள் நன்றாக இருந்தால் விதிவிலக்குத் தருவார்கள் என்று இன்னொரு கதை. உண்மை அதைவிடச் சின்னது. கோயிலில், கலியாண வீட்டில், வெப்பமூட்டி பூட்டப் போகிற வீடுகளில் எல்லாம் நான் சொல்லிவிட்டேன். நான் போகிற இடத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இருபது வருடமாக நான் நேரே பேஸ்மென்றுக்கு இறங்கிப் போகிறவனாகத்தான் எல்லா வீட்டுக்குள்ளும் போயிருக்கிறேன். எனக்கு அந்தக் கதிரையை விட்டு எழும்ப மனம் வரவில்லை.

இதுவரை நான் செய்தது எனக்குச் செய்த கெடுதி. இனிச் சொல்லப்போவது உனக்குச் செய்தது.

நீ பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வசந்தத்தில், நாட்டின் மறு கோடியில், வன்கூவர் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்து உனக்கு இடம் வந்தது. "காட்டியலோ? மரம் எண்ணப் போறியோ?" என்று கேட்டேன். நீ சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே, "எண்ணுறதில்லை அப்பா, மெஷர் பண்ணுறது. நீங்கள் பைப்பை மெஷர் பண்ணுற மாதிரி" என்றாய். அம்மா சிரித்துப் புரைக்கேறிப் போனார். அந்தச் சிரிப்பு அடங்க முன்பே நான் தொடங்கினேன். கடைசி வருடம் வருகிறது, மிகவும் கடினமாம், குளிர்கால அவசர அழைப்புகளை எல்லாம் விட்டால்தான் படிக்கலாம், விட்டால் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது, பார்ப்போம், ஏதாவது செய்யலாம் என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டேன். உன்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை என்று இன்றைக்கும் கோர்ட்டில் சத்தியம் செய்யலாம். நீயாகச் சொல்லும்படி சொன்னேன். நீயும் சொன்னாய். "ஒரு வருஷம்தானே. நான் டிஃபர் பண்ணுறன். மரம் எல்லாம் எங்க ஓடப்போகுது." அந்த நேரம் எனக்கு அந்தப் பட்டம் உதவாது என்று தெரிந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா உன் தலையைத் தடவினார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. சொன்னால் கேட்டதுபோல் ஆகிவிடும் என்று பயந்தேன்.

அப்படித்தான் நீ அந்த வெயார்ஹவுசுக்குப் போனாய். அடுத்த வருடம் பட்டம் கிடைத்தது, திரும்பவும் இடம் வந்தது, திரும்பவும் நான் ஐந்து பாடச் சோதனை என்று ஒன்றைச் சொன்னேன். அது உண்மையில் இருக்கிற சோதனைதான், தகுதி உள்ளவர்களுக்கு. நீ இரண்டாம் தரம் விட்டாய். இந்த முறை பகிடி எதுவும் சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொன்னாய். உன் அறைச் சுவரில் ஒட்டியிருந்த மலைக்காட்டுப் படம் அந்தக் கிழமை காணாமல் போனது. நான் கவனித்தேன். கவனித்ததை உனக்குச் சொல்லவில்லை.

பிறகு டோர்செட் பார்க் சிவஞானம் அங்கிள். நான் பதினாறு வயதில் இங்கே வந்தபோது எங்கள் மாடிக் கட்டடத்தில் இருந்தவர், எனக்கு முதல் குளிர்கால ஜக்கற் வாங்கித் தந்தவர். வாழ்த்துப் படத்தைப் பத்திரிகையில் இருந்து வெட்டி மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். அவர் தனியாக வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், தன் மகள் குடிவரப் போகிறாள், வெளியேறுங்கள் என்று கடதாசி கொடுத்திருந்தார். நான் ஒரு நிமிடத்தில் பழுதைக் கண்டுபிடித்தேன். வெளியேற வேண்டிய நாள் வாடகை மாதத்தின் கடைசி நாளாக இருக்க வேண்டும், அதில் நடு மாதத்துத் திகதி இருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? படித்தது பலித்துவிட்டது. "உது செல்லாது அங்கிள், தூக்கிக் குப்பையில போடுங்கோ" என்றேன். இப்படி ஆலோசனை சொல்வதற்கே எனக்கு அனுமதி இல்லை, அதுவும் நான் படித்ததுதான். அவர் என் கையைப் பிடித்து இரண்டு தரம் குலுக்கினார்.

வீட்டுக்காரருக்கும் யாரோ பிழையைச் சொல்லியிருக்க வேண்டும். சரியான திகதி போட்டு இரண்டாம் கடதாசி கொடுத்தார். அங்கிள் எனக்கு அழைத்தார். நான் ஒரு கூரையில் நின்றுகொண்டிருந்தேன். தம்பி, திரும்பவும் ஒரு கடதாசி வந்திருக்கு என்று தொடங்கினார். திகதியை வாசியுங்கோ என்று கேட்க ஐந்து விநாடி போதும். "அங்கிள், நான் முந்தியே சொன்னனான் தானே. திருப்பித் திருப்பிக் கேக்காதேங்கோ" என்றேன். மன்னியுங்கோ தம்பி, லோயர்மாருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் கடதாசியை மேசை லாச்சிக்குள் போட்டவர், பிறகு விசாரணைக்கு வந்த அறிவித்தலையும் அதற்குள்ளேயே போட்டிருக்கிறார். விசாரணையில் அவர் பக்கம் பேச யாரும் இல்லை. மாசி மாதம் ஒரு காலையில் பூட்டை மாற்றிவிட்டார்கள்.

மிச்சம் உனக்குத் தெரியும். அவருடைய கட்டிலைக் கழற்றியவன் நீ. ஸ்ரௌவ்வில்லில் அவருடைய மகன் வீட்டு பேஸ்மென்றில் அதைத் திரும்பப் பூட்டியவனும் நீ. டோர்செட் பார்க்கில் தினமும் கீழே இறங்கி ரொட்டிக் கடை, மருந்துக் கடை, நாலு சினேகிதர்கள் என்று நடந்து திரிந்த மனிதர். அங்கே வெளியே இறங்கினால் ஒரே மாதிரி வீடுகள், கராஜ்கள், எங்கே போவதென்றாலும் யாராவது காரில் ஏற்ற வேண்டும். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். வாசலில் வைத்து அவர் என்னிடம் சொன்னதை நீ கேட்கவில்லை, நீ வானில் இருந்து மெத்தையை இறக்கிக்கொண்டிருந்தாய். "நீங்கள் அண்டைக்குச் சரியாத்தான் தம்பி சொன்னீங்கள். நான்தான் விளங்காமல் விட்டிட்டன்." அப்படி இல்லை அங்கிள் என்று சொல்ல வாய் வரை வந்தது. குளிருது, உள்ளே போங்கோ என்றேன்.

ஸ்காபரோவுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். றிச்மண்ட் ஹில் தாண்டினபிறகு சொன்னாய், "நீங்கள் லைசன்ஸ் எடுத்திருந்தா அவற்ற ஹியரிங்குக்குப் போயிருப்பீங்கள் அப்பா. இந்த வருஷம் நீங்கள் முடிக்கோணும். நான் இருக்கிறன்." அன்று பின்னேரமே அம்மாவிடம், இந்த முறையும் இடத்தை விடப் போகிறேன் என்று சொல்லிவிட்டாய். யோசித்துப் பார். அவரை வீட்டை விட்டு எழுப்பியது என் அவசரம். அதைப் பார்த்து, நான் இன்னும் படிக்க வேண்டும் என்று நீ முடிவெடுத்தாய். என் பிழை உனக்குக் காரணமாக மாறியதை ஸ்ரீயரிங்கைப் பிடித்தபடி நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அப்போதாவது வானை ஓரத்தில் நிறுத்திச் சொல்லியிருக்கலாம். சிக்னல் போட்டு லேன் மாற்றினேன்.

ஒக்டோபரில் இருந்து, படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் பேஸ்மென்றில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றும் சொல்லவேண்டும். முதல் மாதம் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரே அத்தியாயத்தை வாசித்தேன். பிறகு அதையும் விட்டேன். வாடிக்கையாளர்களிடம் இருந்து கழற்றிக்கொண்டு வந்த பழைய மின்சுற்றுப் பலகைகளை மேசையில் வைத்துப் பல் துலக்கும் பிரஷால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றைத் துடைத்து முடித்தால் இன்னொன்று. மேலே உன் தங்கச்சி ரிவியின் சத்தத்தைக் கூட்டினால் நீ உடனே குறைக்கச் சொல்வாய். எட்டு வயதுப் பிள்ளை எட்டு மாதமாகச் சொந்த வீட்டில் குசுகுசுத்துக் கதைக்கப் பழகிவிட்டாள். ஒரு நாள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவள் கடைசிப் படியில் வைத்துவிட்டு ஓடிப்போனாள், குழப்பக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சொன்னேன். முதியோர் இல்லத்து வேலைக்குப் போடும் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார். மூன்று வருடமாக என்றேன். எல்லாவற்றையும் மடித்து முடித்தார். எனக்கு விளக்கம் சொல்ல அந்தரமாக, அவசரமாக இருந்தது, வழக்கம்போல. கையைக் காட்டி நிறுத்தினார். நீயே பிள்ளைக்குச் சொல்லிவிடேன், நீ சொன்னால் கேட்பான் என்றேன். அதற்குத்தான் அவர் வாய் திறந்தார். "நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா, அப்பாவை மன்னிச்சுவிடு எண்டும் சேத்துச் சொல்லிப்போடுவன். அவனுக்கு அந்தப் பாரத்தையும் நான் குடுக்க மாட்டன்." பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு போடுகிறார், வேறு பேச்சில்லை.

ஆகவே நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அது உனக்கு இன்னொரு வேலை. சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு உன்னிடம் இருந்து இரண்டு வருடம் எடுத்தவன், அதே முறையில் இன்னொன்றையும் எடுத்துவிடுவான். யாராவது உனக்கு முன்னால் அப்படிப் பெருமூச்சு விட்டால், அப்பா என்றாலும், நாளைக்கு மனைவி என்றாலும், ஓடிப்போய் நீயாக எதையும் கொடுக்காதே. என்ன வேண்டும் என்று வாயால் கேட்கச் சொல். பொய் சொல்கிறவனுக்கு அந்தக் கேள்வி தொண்டையில் சிக்கும். எனக்குச் சிக்கியிருக்கும். இரண்டாம் தரம் ஒரே விஷயத்துக்கு ஒருவர் உனக்குத் தொலைபேசி எடுத்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம், கேள். இவை அறிவுரை இல்லை. நான் எங்கெங்கே அறுந்தேன் என்ற விவரம் மட்டும்தான்.

சட்டம் படித்தவன் என்று ஒரு நம்பிக்கையான பந்தி எழுதி முடிக்க ஆசை. எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். நாற்பது வயது ஒன்றும் பெரிய வயதில்லை என்று ஆட்கள் சொல்லுவார்கள். இங்கே ஒரு சட்டப் பள்ளியில் முதலில் இருந்து தொடங்கு என்று உன் மாமா சொல்லுவார். எனக்குள் அதற்கு ஒன்றும் மிச்சமில்லை. படிப்பின் மேல் இருந்த ஆசையைக்கூட இந்தப் பொய் தின்றுவிட்டது. இப்போது ஒப்பந்தம் என்ற சொல்லைப் பார்த்தாலே புத்தகத்தை மூடிவிடுகிறேன். திங்கட்கிழமை முதல் அவசர அழைப்புகளைத் திரும்ப எடுக்கிறேன். ஸ்ரௌவ்வில்லுக்குப் போய் சிவஞானம் அங்கிளுக்கு என் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் என்னை மன்னித்துவிடுவார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவருடைய வீடு அதனால் திரும்பி வராது. உன் பதினெட்டும் பத்தொன்பதும் அப்படித்தான், எங்கே போய் விண்ணப்பித்தாலும் கிடைக்காது. உன்னோடு படித்தவர்கள் மூன்றாம் வருடத்துக்குப் போகும்போது நீ முதலாம் வருடத்தில் போய் உட்காருவாய். அங்கே உன்னிடம் யாராவது ஏன் பிந்திவிட்டாய் என்று கேட்டால், என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லாதே.

நீ நல்லவன். அதனால்தான் எனக்கு இன்னும் பயம். இதை வாசித்துவிட்டு, பாவம் அப்பா, உடைந்துபோயிருக்கிறார், இந்த நேரத்தில் எப்படி விட்டுவிட்டுப் போவது என்று நீ நினைத்தாலும் நினைப்பாய். நினைக்காதே. நான் உடைந்துதான் இருக்கிறேன், அதை மறைக்கவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் அது ஒட்டாது. நீ இருந்தால் நான் திரும்பவும் உன்னில் சாய்வேன், என்னை எனக்குத் தெரியும். இந்த வீட்டில் நீ செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை.

இன்றைக்கு அம்மா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார், ஆறு மணிக்கு முன் வரமாட்டார்கள். நாலு மணிக்கு நீ வேலையால் வரும்போது வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். குசினி மேசையில் உன் கொம்பியூட்டரைத் திறந்து வைத்திருக்கிறேன், வேறு எதையும் நான் தொடவில்லை. கத்துவதென்றால் கத்தலாம், தங்கச்சிக்குக் கேட்காது. எதையாவது தூக்கி எறிவதென்றாலும் எறி. ஆனால் முதலில் உட்கார்ந்து, அந்த இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்து. அழுத்திவிட்டு என்னோடு பேசாமல் இரு.

அப்பா